மொரோக்கோ ஒப்பந்தம் யாருக்கும் நிலப் பத்திரம் அல்ல

‘1786-இல் மொரோக்கோவுடன் போட்ட ஒப்பந்தப்படி அமெரிக்க நிலம் மூர்களுக்கே சொந்தம், அவர்கள் வரி கட்டத் தேவையில்லை’ என்றொரு தகவல் பரவுகிறது. மூர்கள் என்றால் வட ஆப்பிரிக்க முஸ்லிம்கள்; அமெரிக்கக் கறுப்பினத்தவர் சிலர் தங்களை மூர்கள் என்று சொல்லிக்கொண்டு இதை முன்வைக்கிறார்கள். இது தவறு.

ஒப்பந்தம் நிஜம்தான். மொரோக்கோ சுல்தான் மூன்றாம் முகமதுவின் தரப்போடு அமெரிக்கத் தூதர் தாமஸ் பார்க்ளே பேசி முடித்ததை 1787-இல் அமெரிக்க காங்கிரஸ் ஏற்றது. ஆனால் 25 பிரிவுகளையும் படித்துப் பாருங்கள்: கப்பல், துறைமுகம், வணிகம், கைதிகள் என்றுதான் போகிறது. அமெரிக்க மண்ணில் ஒரு சென்ட் நிலம்கூட யாருக்கும் எழுதித் தரப்படவில்லை. 21-ஆம் பிரிவு, அமெரிக்கரும் மூரும் ஒருவரையொருவர் கொன்றாலோ காயப்படுத்தினாலோ நாட்டுச் சட்டப்படியே விசாரணை என்கிறது. சட்டத்திலிருந்து விலக்கு எங்கே இருக்கிறது?

கறுப்பின மக்களிடமிருந்து நிலம் பறிக்கப்பட்ட வரலாறு உண்மை. அந்த வலியும் நியாயமானது. அதை வைத்துப் போலிப் பத்திரம் விற்பது கொடுமை. அதை நம்பி அடுத்தவர் வீட்டில் நுழைந்தவர்கள் கைதாகியிருக்கிறார்கள். இந்த வாதத்தை நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பத் தள்ளிவிட்டன.