மோனாலிசாவைப் பார்க்கப் போய் முதுகுகளைப் பார்த்தேன்

பாரிஸில் மொத்தமே மூன்று நாள், அதில் ஒன்று செவ்வாய்க்கிழமை, லூவர் அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை. சரி என்று புதன்கிழமை காலையிலேயே போனால், மோனாலிசா இருக்கும் கூடத்தில் தேர்த் திருவிழா கூட்டம். படமோ 77 சென்டிமீட்டர் உயரம், 53 சென்டிமீட்டர் அகலம், கண்ணாடிக்குப் பின்னால். எனக்கும் அதற்கும் நடுவே தூக்கிப் பிடித்த போன்கள். அந்தப் புன்னகையை முன்னால் நின்றவரின் போன் திரையில்தான் பார்த்தேன், அதுவும் அவர் விரலால் பெரிதாக்கிய பிறகு. பாதிப் பேர் படத்துக்கு முதுகைக் காட்டி செல்ஃபி வேறு! எதிர்ச் சுவரில் கிட்டத்தட்ட 10 மீட்டர் அகலத்துக்கு வெரோனேசே என்ற ஓவியர் வரைந்த, பைபிளில் வரும் கானா ஊர்க் கல்யாண விருந்து, நாய்கூட உண்டு, சீந்த ஆளில்லை. அப்பாடா என்று அதன் முன்னால் போய் நின்றேன். ஒருவர் வந்து, கொஞ்சம் நகருங்கள், மோனாலிசா தெரிகிற மாதிரி எடுக்க வேண்டும் என்று சைகை காட்டுகிறார்.