சிரிச்ச மூஞ்சியோட போனா போதுமாம்!

பேங்க் டெல்லர் (கவுன்டர்ல காசு வாங்கிக் குடுக்குறவங்க) வேலை இன்டர்வியூவுக்கு எப்படிப் போகணும்னு முந்தாநேத்து ஒரு தம்பி போட்ட லைவ் பத்தி இன்பாக்ஸ்ல ஆளாளுக்கு கேட்டுட்டீங்க, பேசாம விட்டுடலாம்னுதான் இருந்தேன், முடியல. "டெல்லர் இன்டர்வியூதானே, சிரிச்ச மூஞ்சியோட போங்க, கூட்டல் கழித்தல் தெரிஞ்சா வேலை உங்களுக்குத்தான்"னு அந்தத் தம்பி அடிச்சு விடுறாரு, கீழ ஹார்ட்டா பறக்குது. நான் மரியாதையாத்தான் ரெண்டு வரி கமெண்ட் போட்டேன். "அக்கா பழைய காலத்து ஆளு"ன்னு ஒரே சிரிப்பு. சரி, பழைய காலத்து ஆளாவே சொல்றேன். 11 வருஷம் கவுன்டர்ல உக்காந்தவ, கடைசி 3 வருஷமா எதிர்ப்பக்கம் உக்காந்து கேள்வி கேக்குறவ.

அங்க யாரும் உங்க கணக்கைப் பாக்கலங்க. தப்பு நடந்தா மறைப்பீங்களா, சொல்லுவீங்களா. அதைத்தான் பாக்குறாங்க. கேள்வி பத்து தினுசுல வரும், உள்ள இருக்குறது இது ஒண்ணுதான்.

என் கதையையே சொல்றேன். மொத இன்டர்வியூ. "சாயங்காலம் கையில இருக்குற காசையும் கணக்கையும் ஒப்பிட்டு கேஷ் டேலி பண்றப்ப கொஞ்சம் குறையுது, சின்னத் தொகைதான், என்ன பண்ணுவீங்க?"ன்னு கேட்டாங்க. நான் நெஞ்சை நிமித்திக்கிட்டு "என் கைக்காசைப் போட்டு சரி பண்ணிடுவேன் சார்"னு சொன்னேன். வெளிய வந்து அப்பாவுக்கு போன் போட்டு பிரமாதமா பண்ணிட்டேன்பான்னு வேற சொன்னேன். வேலை கிடைக்கல. ஏன்னு புரியவே ரெண்டு வருஷம் ஆச்சு, வேற இடத்துல சேந்து கவுன்டர்ல உக்காந்த பிறகுதான் உறைச்சுது. இன்னைக்கு குறைஞ்சதுக்கு யாருக்கும் தெரியாம காசு போடுறவ, நாளைக்கு அதிகமா இருந்தா யாருக்கும் தெரியாம எடுத்துக்கவும் செய்வாளே? குறைஞ்சா குறைஞ்சதுன்னு காட்டணும், மிஞ்சினா மிஞ்சினதுன்னு காட்டணும். திரும்ப எண்ணுவேன், நோட்டுக்கட்டைப் பிரிச்சுப் பாப்பேன், ஸ்லிப்பையும் என்ட்ரியையும் ஒப்பிடுவேன், அப்பவும் வரலன்னா மேல சொல்லி எழுதி வச்சுடுவேன். இவ்ளோதான் பதில். வித்தியாசம் 9ஆல மீதியில்லாம வகுபட்டா நம்பரை இடம் மாத்தி அடிச்சோமான்னு பாப்பேன்னு (4,500ஐ 5,400ன்னு அடிச்சா 900 இடிக்கும்) ஒரு பொண்ணு ஒருதடவை சொன்னா, எங்க பேனலே நிமிந்து உக்காந்துச்சு.

மத்ததும் இதே கதைதான். கள்ளநோட்டு வந்தா? "திருப்பிக் குடுத்து வேற நோட்டு கேப்பேன்"னா உங்க சான்ஸ் முடிஞ்சுது. ஃப்ரெண்டு வந்து அவ வீட்டுக்காரர் அக்கவுன்ட்ல எவ்ளோ இருக்குன்னு கேட்டா? ஒரு பெரியவர் போனைக் காதுலேர்ந்து எடுக்காமலே மொத்த சேமிப்பையும் எடுக்கணும்னு பதட்டமா நின்னா? இதுக்கு மேல கட்டினா விவரம் குடுக்கணும்னு இருக்குற லிமிட்டுக்குக் கொஞ்சம் கீழ கீழ வர்ற மாதிரி ஒருத்தர் பிரிச்சுப் பிரிச்சுக் கட்டினா? திருடன் வந்தா என்ன செய்வேன்னு கேட்டதுக்கு ஒரு பையன் "புடிச்சுடுவேன் மேடம்"னான். தம்பி, கேட்டதைக் குடுத்துட்டு யாருக்கும் அடிபடாம பாத்துக்கணும், ஆளை ஞாபகம் வச்சுக்கணும், ஆபத்து இல்லன்னு தெரிஞ்சாத்தான் அலாரம். வீரத்துக்கெல்லாம் அங்க மார்க் இல்ல.

உடனே வருவீங்க, "அப்போ சிரிக்க வேணாங்கிறீங்களா?" சிரிங்க சாமி, யாரு வேணாங்கிறா.

"அனுபவம் இல்லாதவங்க என்ன பண்றது?" கடையில கல்லாவுல உக்காந்திருக்கீங்களா, காலேஜ் விழாவுக்கு வசூல் பண்ணி கணக்கு குடுத்திருக்கீங்களா, அதைச் சொல்லுங்க, அதான் அனுபவம்.

"டெல்லர் வேலையே அழியப்போகுது, இதுக்கு எதுக்கு இவ்ளோ பில்டப்?" இது கொஞ்சம் சுருக்குன்னுதான் இருக்கு. 1967ல லண்டன் என்ஃபீல்டுல பார்க்ளேஸ் பேங்க் பணம் குடுக்குற மெஷினை வச்சதுலேர்ந்து எங்களுக்கு நாள் குறிச்சிட்டே இருக்காங்க, நாங்களும் சாகாம உக்காந்திருக்கோம். கவுன்டர் குறையுது, ஒத்துக்குறேன். அதனாலதான் இப்ப இன்டர்வியூல கார்டு விப்பீங்களா, இன்சூரன்ஸ் பேசுவீங்களா, டார்கெட் குடுத்தா முடிப்பீங்களான்னு நச்சரிக்குறாங்க. எனக்கே அது பிடிக்காது. ஆனா அதுக்கும் தயாரா போகணும். இதை அந்த லைவ்ல ஒரு வார்த்தை சொன்னாரா?

"காசு எண்றவதானே நீ"ன்னு சொந்தக்காரங்களே சொல்லிக் கேட்டாச்சு, அதுக்கெல்லாம் பழகிடுச்சு. ஒருநாள் டேலி ஆகாம ராத்திரி 9 மணி வரைக்கும் தேடி, கடைசில டிராயருக்கு அடியில ஒட்டிக்கிட்டிருந்த ஒத்தை நோட்டை உருவி எடுத்துட்டு, பாத்ரூம்ல போய் அழுதுட்டு வீட்டுக்குப் போயிருக்கேன். அந்தத் தம்பிக்கு இதெல்லாம் சொல்லி என்ன ஆகப்போகுது. அவர் பேச்சைக் கேட்டு நாளைக்கு ஒரு பொண்ணு சிரிச்ச மூஞ்சியோட வந்து "கைக்காசு போட்டுடுவேன்"னு சொல்லும், நான் எதிர்ல உக்காந்து பாத்துக்கிட்டிருக்கணும். அதான் வயித்தெரிச்சல்.

அப்புறம், என் கமெண்ட்டை டெலிட் பண்ணிட்டாங்க. ஸ்க்ரீன்ஷாட் இருக்கு, கேக்குறவங்களுக்கு அனுப்புறேன்.