ரில்லுமாரெய் படங்களை மட்டமாக எண்ண வேண்டாம்

நான் படித்த ஒரு கட்டுரையில், ரில்லுமாரெய் என்று அழைக்கப்படும் 1950களின் ஃபின்லாந்து இசை நகைச்சுவைப் படங்களை ஒரே வரியில் "மலிவான கூச்சல்" என்று ஒதுக்கியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அன்றைய தலைநகர் ஹெல்சிங்கி விமர்சகர்களும் இதையேதான் எழுதினார்கள், ஆனால் தியேட்டர்கள் நிரம்பி வழிந்தன.

1951இல் வந்த 'ரொவானியெமென் மார்க்கினொய்லா' படத்தில், ஃபின்லாந்தின் வடகோடியான லாப்லாந்துக்குத் தங்கம் தேடிப் போகிறவர்களின் கதை. அதில் ஒரு பாட்டின் பல்லவியில் வரும் அர்த்தமில்லாத சந்தச் சொல்தான் ரில்லுமாரெய், அதுவே பிறகு இந்த வகைக்கே பெயராகி, படித்தவர்கள் வாயில் வசவாகவும் ஆனது. ரேய்னோ ஹெலிஸ்மாவின் வரிகள், தொய்வோ கார்கியின் மெட்டு, அக்கார்டியனோடு வரும் நடிகர் எஸா பகாரினென்... இவர்களை ரசித்தவர்கள் யார் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் தோற்று, சோவியத்துக்கு 1952 வரை இழப்பீடு கட்டிக்கொண்டிருந்த நாட்டு மக்கள். நாளெல்லாம் உழைத்துவிட்டு வந்தவர்களுக்கு ஓபராவும் சிம்பொனியும் மட்டும்தான் கலை என்று பாடம் எடுத்தால் எப்படி?

அப்புறம், கட்டுரையாளர் 1954இல் வந்த 'ஹெய், ரில்லுமாரெய்!' படத்தைச் சொல்லவே இல்லை. விமர்சகர்களின் திட்டுக்குப் பதிலடியாக அந்தப் பண்பாட்டுச் சண்டையையே எடுத்து, உயர்கலை பேசுகிறவர்களைக் கிண்டல் செய்த படம் அது, எழுதியவரும் அதே ஹெலிஸ்மாதான். வசவை வாங்கி அதையே படத்தின் தலைப்பாக வைக்கத் தனித் துணிச்சல் வேண்டும். எல்லாப் படமும் நன்றாக இருந்தது என்று சொல்லவில்லை, அவசரமாக எடுத்தவை நிறைய. சரி, ஆனால் பாட்டுகளைக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.