கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு தோட்டம் தொடங்காதீர்கள்

முழுப்பரீட்சை முடிந்ததும் பல வீடுகளில் இது நடக்கிறது. பிள்ளைகள் சும்மாதானே இருக்கிறார்கள் என்று பத்து குரோ பேக், ஒரு மூட்டை மண், நாலைந்து விதைப் பொட்டலம் வாங்கி மொட்டை மாடியில் அடுக்குகிறோம். ஏப்ரல் கடைசி, கத்திரி வெயில் வாசலில் நிற்கிறது. கொத்தமல்லி சரியாக முளைக்காது. முளைத்ததும் ஒரு சாண் வளர்வதற்குள் பூத்து நிற்கும். பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் தக்காளியின் மகரந்தம் கெட்டுப்போகும், பூவெல்லாம் காம்போடு உதிரும். பந்தல் அவரை மட்டும் தளதளவென்று ஏறும், ஆனால் மாதக்கணக்கில் ஒரு மொட்டு வைக்காது. ஜூனில் பள்ளி திறக்கும்போது, “நான் நட்டா வராது” என்று பிள்ளை முடிவு கட்டியிருக்கும். பிள்ளை கையில் குறையே இல்லை. விதைத்த மாதம்தான் தப்பு.

ஆடியில் தொடங்குங்கள் என்பதுதான் இந்தப் பதிவு. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது சும்மா எதுகைக்காகச் சொன்னதில்லை. அவரையையே எடுத்துக்கொள்வோம். இரவு நீண்டால்தான் பூக்கும் செடி அது. சென்னையில் ஆனி மாதத்துப் பகல் ஏறத்தாழ 13 மணி நேரம், மார்கழிப் பகல் 11 மணி 20 நிமிடம். அந்த ஒன்றரை மணி நேர வித்தியாசத்தைக் கொடி அளந்துகொண்டே இருக்கிறது. சித்திரையில் ஊன்றினாலும் ஆடியில் ஊன்றினாலும் அது பூக்கப்போவது கார்த்திகையை ஒட்டித்தான். சித்திரை விதைக்கு நீங்கள் ஏழு மாதம் தண்ணீர் ஊற்ற வேண்டும், ஆடி விதைக்கு நாலு மாதம் போதும். ஆறு வயதுப் பிள்ளையின் பொறுமைக்கு இந்த மூன்று மாதம் ரொம்பப் பெரிய விஷயம். (எல்லாப் பட்டத்திலும் காய்க்கும் குத்துச்செடி அவரை ரகங்களும் உண்டு. அது வேறு கணக்கு.)

பள்ளிப் புத்தகத்தில் பருவம் நாலு என்று படம் போட்டிருக்கிறது. ஒன்றில் பனி கொட்டுகிறது, ஒன்றில் இலை சிவக்கிறது. நம் பிள்ளை ஜன்னலைத் திறந்தால் இரண்டும் இல்லை. நமக்குக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று இரண்டிரண்டு மாதமாக ஆறு இருக்கிறது. அதை மனப்பாடம் செய்ய வைக்க வேண்டாம். ஒவ்வொன்றிலும் அதற்குரிய ஒரு தோட்ட வேலையைச் செய்ய வைத்தால் போதும்.

முதல் விதை கீரையாக இருக்கட்டும். சிறுகீரையோ முளைக்கீரையோ 3 முதல் 5 நாளில் முளைக்கும், 25 நாள் வாக்கில் வேரோடு பிடுங்கிக் கடையலாம். பிள்ளைகள் காத்திருக்க முடிந்த அளவு அதுதான். இரண்டடிக்கு ஓரடித் தொட்டி, அரை டீஸ்பூன் விதை. விதை கடுகைவிடப் பொடிசு, அப்படியே கொடுத்தால் ஒரே இடத்தில் கொட்டிவிடும். இரண்டு கைப்பிடி காய்ந்த மணலில் கலந்து, கோலமாவு தூவுவதுபோல் தூவச் சொல்லுங்கள். மேலே மண் போர்த்துவது அரை சென்டிமீட்டருக்கு மேல் கூடாது.

இங்கே இரண்டு இடத்தில் தவறும். ஒன்று எறும்பு. விதைத்த இரவே வரிசை கட்டி விதையைத் தூக்கிப் போய்விடும். தொட்டி ஓரத்தில் ஒரு பிடி நொய் தூவி வைத்தால் எறும்பு அதைச் சுமக்கப் போகும், விதை தப்பும். இன்னொன்று தண்ணீர். பிள்ளை குவளையோடு ஊற்றினால் குழி விழுந்து விதையெல்லாம் ஒரு மூலையில் ஒதுங்கும். ஒரு லிட்டர் பாட்டில் மூடியில் சூடான ஊசியால் பெரியவர்கள் பத்துப் பன்னிரண்டு ஓட்டை போட்டுக் கொடுங்கள். பூவாளி வாங்கத் தேவையில்லை, பிஞ்சுக் கைக்குக் கனமும் தெரியாது.

பிள்ளைகள் வளர்க்கும் செடி வாடிச் சாவதைவிட அழுகிச் சாவதுதான் அதிகம். பாசத்தில் ஒரு நாளைக்கு ஐந்து தடவை ஊற்றுவார்கள். மண் இடுக்கில் இருக்கும் காற்று வெளியேறி வேர் மூச்சு முட்டும், இலை மஞ்சளாகும். அதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் ஊற்றுவார்கள். “ஊற்றாதே” என்று சொல்லாதீர்கள். விரலை முதல் கணு வரை மண்ணில் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மண் ஒட்டினால் நாளைக்கு, ஒட்டாவிட்டால் இப்போது. மூன்று வயதுக்குக்கூட இது புரியும். மண்கலவை இறுகலாக இருந்தால் இந்தச் சோதனையும் உதவாது. செம்மண் இரண்டு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு போதும். நார்க்கழிவில் உப்பு இருக்கும், ஊறவைத்து இரண்டு மூன்று தண்ணீர் அலசிப் பிழிந்த பிறகே சேர்க்க வேண்டும்.

புரட்டாசி கடைசியில் பூசணி ஊன்றுங்கள். 15 அங்குலப் பையில் இரண்டு விதை, முளைத்த பின் நல்லதை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிடலாம். ஒன்றரை மாதத்தில் பூக்கத் தொடங்கி, மார்கழிக் கோலத்துக்குப் பூ தயாராக இருக்கும். பிள்ளைகளோடு செய்யும் எல்லாவற்றிலும் எனக்கு இதுதான் மேல். முதலில் வருவதெல்லாம் ஆண் பூ. நீளக் காம்பு, அடியில் ஒன்றும் இருக்காது. ஒரு வாரம் பத்து நாள் கழித்து வரும் பெண் பூவின் அடியில் குண்டுமணி அளவில் தொடங்கி ஒரு பிஞ்சு உருண்டிருக்கும். கோலத்துக்கு ஆண் பூவைப் பறிக்கலாம், பெண் பூவில் கை வைக்கக் கூடாது என்று காட்டிக் கொடுங்கள். மாடிக்குத் தேனீ வராத வீட்டில் பிள்ளையே தேனீ ஆகலாம். காலை எட்டு மணிக்குள் ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, நடுத்தண்டில் இருக்கும் மஞ்சள் பொடியைப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவ வேண்டும். பத்து மணி ஆனால் பூ மூடிக்கொள்ளும். பிடித்திருந்தால் பிஞ்சு பருக்கும், பிடிக்காவிட்டால் நாலைந்து நாளில் மஞ்சளாகி அழுகி விழும். பீர்க்கு, சுரை என்றால் சாயங்காலம் செய்ய வேண்டும், அவை பொழுது சாயும்போதுதான் விரியும்.

ஐப்பசி அடைமழையில் கீரை விதைக்க வேண்டாம், மண் தெறித்து இலை அழுகும். அந்த மாதம் மழையை அளக்கலாம். அடியும் வாயும் ஒரே அகலமுள்ள கண்ணாடிப் பாட்டிலைத் திறந்த வெளியில் வைத்து, காலையில் அளவுகோலால் பாருங்கள். 10 மில்லிமீட்டர் பெய்திருந்தால், 30 சென்டிமீட்டர் அகல வட்டத் தொட்டிக்குள் சுமார் 700 மில்லி தண்ணீர் விழுந்திருக்கிறது. இன்றைக்கு ஊற்ற வேண்டுமா என்று பிள்ளையே கணக்குப் போடும். அளந்த கையோடு பாட்டிலையும் தொட்டித் தட்டுகளையும் கவிழ்த்துவிட வேண்டும். தேங்கிய தண்ணீரில் ஒரே வாரத்தில் கொசு பறக்கும்.

மழை ஓய்ந்ததும் முள்ளங்கி, கொத்தமல்லி. முள்ளங்கியை நாற்று விட்டுப் பிடுங்கி நடக் கூடாது, நேரே ஊன்றணும். மண்ணில் கல் இருந்தால் கிழங்கு இரண்டு காலாகப் பிரியும். கொத்தமல்லியைத் தேய்த்து இரண்டாக உடைத்து ஓர் இரவு ஊறவைத்தால் சீக்கிரம் வரும், அப்படியும் பத்து நாள் ஆகலாம்.

பிள்ளைகளின் பத்திரத்துக்காகச் சில விஷயங்களை அழுத்திச் சொல்ல வேண்டும். கடைப் பொட்டலத்தில் ரோஸ், நீலம், பச்சை என்று சாயம் ஏறிய விதை இருந்தால் அது பூஞ்சைக்கொல்லி பூசியது, பிள்ளை கையில் கொடுக்கவே கூடாது. பச்சைச் சாணி வேண்டாம், நன்றாக மக்கிய எரு மட்டும். செருப்போடு நிற்கட்டும், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். அரளி, குன்றிமணி, ஊமத்தை வீட்டில் இருந்தால் எட்டாத இடத்துக்குக்கூட மாற்ற வேண்டாம், எடுத்தே விடுங்கள். தொட்டிகளைக் கைப்பிடிச் சுவர் ஓரமாக அடுக்காதீர்கள். உங்களுக்கு அது தொட்டி, பிள்ளைக்குப் படிக்கட்டு. ஆடிக்காற்றுக்குப் பந்தல் கம்புகளை நாலு பக்கமும் இழுத்துக் கட்டுங்கள்.

அப்போ கோடை விடுமுறையில் என்ன செய்வது? விதை எடுப்பது. மாசி, பங்குனியில் அவரையில் நல்ல கொத்து ஒன்றையும், வெண்டையில் இரண்டு காயையும் பறிக்காமல் செடியிலேயே காயவிடுங்கள். நெற்று சலசலக்கும்போது பிள்ளைகள் உரித்து, நிழலில் உலர்த்தி, அடுப்புச் சாம்பலில் புரட்டிக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, மாதத்தின் பெயரை அவர்களே எழுதி ஒட்டட்டும். காலியான தொட்டிகளுக்குச் சருகு மூடாக்கு, இருக்கும் செடிக்கு 50 சதவீத நிழல்வலை, பைகளுக்கு அடியில் இரண்டிரண்டு செங்கல். தளத்துச் சூடு வேரைச் சுடாமல் இருக்க அது போதும்.

ஆனி கடைசியில் அந்தப் பாட்டிலைத் திறந்து பத்து விதையை ஈரத்துணியில் சுருட்டி வையுங்கள். ஊரில் முளைப்பாரி போட்டவர்கள் பார்த்ததும் இதைத்தான். எட்டு முளைத்தால் குழிக்கு ஒரு விதை, ஐந்துதான் முளைத்தால் குழிக்கு இரண்டு. எத்தனை என்று பிள்ளையே எண்ணிச் சொல்லட்டும். ஆடி பிறக்க இன்னும் ஒரு வாரம் இருக்கும்.