இரண்டு வருடம் பேங்க் வேலை கட்டாயமா?

“இன்வெஸ்ட்மென்ட் பேங்கில் இரண்டு வருடம் குப்பை கொட்டாமல் பை-சைடு பக்கமே போக முடியாது” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். (பை-சைடு என்றால் பணத்தை முதலீடு செய்யும் நிறுவனங்கள்.) பிரைவேட் ஈக்விட்டிக்கு, அதாவது நிறுவனங்களையே வாங்கி வளர்த்து விற்கும் வேலைக்கு, அது பெரும்பாலும் சரி. மற்றபடி தப்பு. சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிறுவனங்களான ஜிஐசி, தெமாசெக் இரண்டுமே பட்டதாரிகளை நேரடியாக எடுக்கின்றன, இன்டர்ன்ஷிப்பும் உண்டு. சிஎஃப்ஏ என்ற முதலீட்டுத் துறைத் தகுதியின் முதல் நிலைத் தேர்வைக்கூடப் படிக்கும்போதே எழுதலாம், பட்டம் முடிய 23 மாதத்துக்குள் இருந்தால் போதும். (சார்ட்டர் என்ற இறுதிச் சான்றுக்குத்தான் 4,000 மணி நேர அனுபவம் வேண்டும், அதோடு இதைக் குழப்பாதீர்கள்.)

அப்புறம் தம்பி, நேர்காணலில் “ஒரு பங்கைச் சொல், ஏன் வாங்கலாம்?” என்று கேட்பார்கள். அதற்குத் தயாராக, என் அக்கா மகன் தேக்கா காப்பிக்கடையில் தே தாரிக் ஆறிப்போக, வாடகைக் கட்டடங்களில் முதலீடு செய்யும் ஒரு ரீட்டின் ஆண்டறிக்கையில் எந்தக் கடன் எந்த வருடம் முதிர்கிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டிருப்பான். சிங்கப்பூர் பங்குச் சந்தையான எஸ்ஜிஎக்ஸ் தளத்தில் அந்த அறிக்கைகள் இலவசம்.