இன்னாருடைய அக்கா

போன வாரம் நண்பர் ஒருவர், என் எண் மாறிவிட்டதா என்று பார்க்கச் சொல்லித் தன் கைப்பேசியை நீட்டினார். பதினோரு வருடப் பழக்கம். திரையில் என் எண் சரியாகத்தான் இருந்தது. என் பெயர்தான் இல்லை. தம்பியின் பெயரும், அதை ஒட்டி 'அக்கா' என்ற சொல்லும் இருந்தன.

என் தம்பி பாடகன். பெயரைச் சொன்னால் உங்களில் பலருக்குத் தெரியும்; அதனாலேயே சொல்லவில்லை. நான் இருபத்திரண்டு வருடங்களாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அறிமுகமாகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி எனக்கு மனப்பாடம்: "நீங்களும் பாடுவீர்களா?" இல்லை என்றதும் அவர்கள் முகத்தில் ஒரு பரிதாபம் வரும் பாருங்கள், சொத்துப் பிரித்தபோது எனக்கு மட்டும் பங்கு விட்டுப்போனதைப்போல! நான் என்ன செய்கிறேன் என்று அதற்குப் பிறகு யாரும் கேட்பதில்லை.

இதைச் சொன்னால் பொறாமை என்பார்கள். சொல்லாவிட்டால் "உங்களுக்கு எவ்வளவு பெருமை" என்பார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு இந்த இரண்டைத் தவிர வேறு உணர்ச்சிக்கு அனுமதி இல்லை. பொறாமை எனக்கும் இருந்தது, பதினெட்டு வயதில். பிறகு எப்போது போனதென்றே தெரியாமல் போய்விட்டது. மிச்சமிருப்பது எரிச்சல். அதுவும் தம்பிமேல் அல்ல, நடுவில் நிற்கிறவர்கள்மேல்.

டென்னிஸில் வீனஸ் வில்லியம்ஸ் ஒற்றையர் பிரிவில் 7 கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள் வென்றவர். தங்கை செரீனாவின் 23-ஐப் பக்கத்தில் வைத்தால்தானே 7 சிறிய எண்? வைக்கச் சொன்னது யார்?

ஆனால் எனக்கு நெருக்கமானவள் ஃபேனி மெண்டெல்சன். புகழ்பெற்ற ஜெர்மன் இசையமைப்பாளர் ஃபெலிக்ஸின் அக்கா. தம்பிக்கு இசை தொழிலாகலாம், உனக்கு அது அலங்காரம் மட்டுமே என்று அப்பா அவளுக்குக் கடிதம் எழுதியபோது வயது பதினான்கு. அவள் எழுதிய ஆறு பாடல்கள் தம்பி பெயரில் அச்சாயின. 1842-இல் பக்கிங்ஹாம் அரண்மனையில், ஃபெலிக்ஸின் தொகுப்பைப் பிரித்து விக்டோரியா ராணி தானே ஒரு பாட்டைப் பாடுகிறார். பாடியது ஃபேனியின் பாட்டை. அது அக்கா எழுதியது என்று ஃபெலிக்ஸ் அங்கேயே ஒப்புக்கொண்டான். அந்த இடத்தில் அவன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அவனைத் திருடன் என்று திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவள் தன் பெயரில் வெளியிடுவதை அவன் நெடுநாள் விரும்பவில்லை என்பதையும் மறக்க முடியவில்லை. 1846-இல்தான் அவள் துணிந்து வெளியிட்டாள். அடுத்த வருடம் இறந்துபோனாள், 41 வயதில்.

நான் ஃபேனி இல்லை. என்னிடமிருந்து யாரும் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குச் சுருதியே சேராது. தம்பியும் தங்கமானவன். இரவில் அழைத்தால் கச்சேரியைப் பற்றிப் பேசமாட்டான், விடைத்தாள் கட்டு எத்தனை பாக்கி என்றுதான் கேட்பான்.

அந்த நண்பரிடம் பெயரை மாற்றச் சொன்னேன். சங்கடத்தோடு அங்கேயே மாற்றினார். அந்த வேகத்தில் வீட்டுக்கு வந்து என் கைப்பேசியைத் திறந்தேன். என் மாணவர்களின் தாய்மார்கள் எண்பது பேருக்கு மேல் அதில் இருக்கிறார்கள். ஒருவர் விடாமல் எல்லாரையும் பிள்ளையின் பெயரைப் போட்டு 'அம்மா' என்றுதான் சேமித்திருக்கிறேன். மாற்றலாம் என்று முதல் எண்ணில் விரலை வைத்தேன். அவர் பெயர் எனக்குத் தெரியவில்லை.