நெஞ்செரிவு காசநோயாக மாறாது

அண்ணை, "நெஞ்செரிவைக் கவனிக்காமல் விட்டால் காசமாகி வீட்டில் எல்லாருக்கும் தொற்றும்" என்று எழுதியிருக்கிறீர்கள். நெஞ்செரிவைத் தரும் வயிற்று அமிலம் கிருமியாக மாறாது. காசநோய் இன்னொருவரின் இருமலால் காற்றில் வருவது. நீங்கள் கேள்விப்பட்டது காசநோய்க் கிருமியின் ஒன்றுவிட்ட சகோதரங்களைப் பற்றி: மண்ணிலும் குழாய்த் தண்ணீரிலும் இருக்கும் வேறு மைக்கோபாக்டீரியாக் கிருமிகள். அவை பொதுவாக ஆளுக்கு ஆள் தொற்றுவதில்லை.

சரி, அந்தத் தொற்று உள்ளவர்களிடம் நெஞ்செரிவு கூடுதலாகக் காணப்படுவது உண்மைதான். படுத்திருக்கும்போது மேலேறும் வயிற்று நீர் துளித்துளியாய் மூச்சுக்குழாய்க்குள் இறங்குவது காரணமாகலாம். ஓயாத இருமலே வயிற்றை அமுக்கி அமிலத்தை மேலே தள்ளவும் கூடும். எது முந்தியது என்று இன்னும் முடிவாகவில்லை.

எங்கள் பெரியம்மா இரவு ஒன்பதுக்குப் புட்டும் கறியும் சாப்பிட்டு உடனே சரிவார். விடிய விடிய புளிச்சேப்பமும் இருமலும். சாப்பாட்டை ஏழு மணிக்கு மாற்றி, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே இரண்டு கல் வைத்தோம். இருமல் நன்றாகக் குறைந்தது. அவருக்கு இருந்தது வெறும் நெஞ்செரிவு. ஆனால் வாரக்கணக்கில் இருமல், உடல் மெலிவு, சளியில் இரத்தம் என்றால் கல் உதவாது, சளியைப் பரிசோதிக்க வேண்டும். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் மருந்தைத் தாங்களாகவே நிறுத்தும்படி ஆட்களுக்குச் சொல்லாதீர்கள். அதை டொக்டரிடம் விடுங்கள்.